எந்த கோர்ல எது ஓடணும்னு நீங்க சொல்லணுமா?

ஹாஸ்டலில் ஒருத்தன் லேப்டாப் ஸ்லோ ஆனால் போதும், நாலு டாக்டர்கள் வந்துவிடுவார்கள். டெம்ப் ஃபைலை அழி என்பான் ஒருத்தன், ஆன்டிவைரஸைத் தூக்கு என்பான் இன்னொருத்தன். இப்போது சுற்றுகிற வைத்தியம் வேற: டாஸ்க் மேனேஜரைத் திற, டீடெயில்ஸுக்குப் போ, கேம் மேல ரைட் க்ளிக் பண்ணு, 'செட் அஃபினிட்டி'யில் கோர்களைப் பிரிச்சுக் கொடு. கேமுக்கு நாலு, குரோமுக்கு ரெண்டு. சொத்துப் பிரிக்கிற மாதிரி.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது பெரும்பாலும் வீண் வேலை, பல நேரம் வேகம் குறையத்தான் செய்யும்.

காரணம், அஃபினிட்டி என்பதை நாம ரிசர்வேஷன்னு நினைச்சுக்கறோம். அது ரிசர்வேஷன் இல்லை, தடை. மெஸ்ஸில் நாலு கவுன்ட்டர் இருக்குன்னு வைங்க. உங்க நண்பனிடம் "நீ மூணாவது கவுன்ட்டர்ல மட்டும்தான் நிக்கணும்" என்று சொல்றீங்க. மத்தவங்க யாரும் அங்க வரக்கூடாதுன்னு எங்கயும் சொல்லலையே! மூணாவதில் இருபது பேர் நின்னாலும், பக்கத்துக் கவுன்ட்டர் காத்தாடினாலும், அவன் அங்கயேதான் நிக்கணும். தோசை லேட்டாகத்தான் வரும். கோரை உண்மையிலேயே காலி பண்ணி ஒதுக்க லினக்ஸில் வழி இருக்கு, ஆனா அது வேற சமாச்சாரம்.

யார் எந்தக் கவுன்ட்டர் என்று முடிவெடுக்கிற ஷெட்யூலர் நம்மைவிட நிறையத் தெரிஞ்ச ஆள். சில மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நிலைமையைப் பார்க்கிறது. ஒரு த்ரெட் கடைசியாக ஓடிய கோரின் கேஷில் அதன் டேட்டா இன்னும் சூடாக இருக்கும் என்பதால், முடிந்தவரை அதே கோருக்கே திருப்பி அனுப்பவும் பார்க்கிறது. நாம கையால செய்ய நினைக்கிற வேலையை அது கேட்காமலே செய்யுது! லினக்ஸ் 2007-இல் சிஎஃப்எஸ் ஷெட்யூலரைக் கொண்டு வந்து, 2023-இல் 6.6 கெர்னலில் அதையும் மாத்தினாங்க. இத்தனை வருஷம் இத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிட்ட விஷயத்தை நாம நாலு டிக் மார்க்கில் ஜெயிச்சிடுவோமா?

2021-இல் இன்டெலின் 12ஆம் தலைமுறை வந்த பிறகு இது இன்னும் ஆபத்து. உதாரணத்துக்கு ஐ5-12500எச். நாலு பெரிய கோர், எட்டு சின்ன கோர். பெரியது ஒவ்வொன்றும் ரெண்டாகத் தெரியும், ஆக டாஸ்க் மேனேஜரில் 16 பெட்டி. "கடைசி நாலும் சும்மாதானே இருக்கு" என்று கேமை அங்கே தள்ளினால், அது சின்ன கோர்களில் மாட்டிக்கிட்டு மூச்சு வாங்கும். விஷயம் தெரியாம சிப்பைத்தான் திட்டுவோம்.

எப்பவுமே வேண்டாமா? அப்படியில்லை. 2005 வாக்கில் டூயல் கோர் வந்த புதுசில், ஒரே கோரை நம்பி எழுதின பழைய கேம்கள் ரெண்டு கோரின் டைம் கவுன்ட்டரும் ஒத்துப் போகாமல் தடுமாறின. அதுக்கு ஏஎம்டி தனியா ஒரு சாஃப்ட்வேரே விட்டது. அந்தக் காலத்து கேமை இன்னைக்கு ஓட்டினா ஒரே கோரில் கட்டிப் போடறது நியாயம். ப்ராஜெக்ட்டில் அல்காரிதம் ஓடும் நேரத்தை அளக்கும்போதும் கட்டிப் போடுங்க, ரீடிங் குதிக்காது. ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் ஆகணும், நடுவுல ஆன்லைன் டெஸ்ட் எழுதணும் என்றால் மட்டும் அஃபினிட்டி பக்கம் போகாதீங்க. ரெண்டரின் ப்ரையாரிட்டியைக் குறைங்க, லினக்ஸில் 'நைஸ்'. நீங்க டைப் பண்ணும்போது அது விலகி நிக்கும், சும்மா இருக்கும்போது எல்லா கோரையும் எடுத்துக்கும்.

எனக்கு உண்மையான பயம் வேற இடத்தில். டாஸ்க் மேனேஜரில் செய்த செட்டிங் அந்த ப்ரோகிராமை மூடினதும் போயிடும். தினமும் டிக் பண்ண யாருக்குப் பொறுமை? உடனே யாரோ முகம் தெரியாதவர் டெலிகிராமில் போட்ட 'எஃப்பிஎஸ் பூஸ்ட்' பேட்ச் ஃபைலை இறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டறோம். அதே லேப்டாப்பில்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், நெட் பேங்கிங், சேவ் பண்ணின பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கு. பத்து எஃப்பிஎஸ்ஸுக்கு வீட்டுச் சாவியையே கொடுக்கிற மாதிரி. ஒவ்வொரு வரியையும் படிச்சுப் புரிஞ்சா ஓட்டுங்க, இல்லைன்னா அழிச்சிடுங்க.

ஸ்லோ என்றால் முதல்ல பெர்ஃபார்மன்ஸ் டேபைப் பாருங்க. நம்மில் பாதிப் பேர் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் நிரம்பி, டிஸ்க்தான் 100 சதவீதத்தில் அழுதுக்கிட்டிருக்கும். கோரை எப்படிப் பிரிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஃபேன் அலறினா தூசியைத் தட்டுங்க, மெத்தை மேல வைக்காதீங்க.

இவ்வளவு சொன்னாலும், ஓஎஸ் பேப்பர் எழுதப் போறவங்க ஒரு தடவை இதைச் செஞ்சு பாக்கணும்னு நினைக்கிறேன். சி-யில் ரெண்டு த்ரெட், ரெண்டும் சும்மா பெருக்கிக்கிட்டே இருக்கட்டும். ஹைப்பர் த்ரெடிங் இருக்கிற மெஷினில் முதலில் ரெண்டையும் ஒரே கோரின் ரெண்டு பாதியில் ஓட்டுங்க, அப்புறம் ரெண்டு தனித்தனி கோரில். நேரத்தைக் குறிச்சுக்கங்க. விண்டோஸில் பொதுவா 0-உம் 1-உம் ஒரே கோர். லினக்ஸில் டாஸ்க்செட் கமாண்ட் போதும், ஆனா அங்க நம்பர் வரிசை மாறலாம், எல்எஸ்சிபியூ கொடுத்துப் பாத்துட்டு ஆரம்பிங்க.