பென்ஷன் வந்தாச்சு... எந்த ஊருக்குப் போவது?

எம். புதுப்பட்டி, சிவகாசி, திருத்தங்கல் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்க வெளியூர் போனவர்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சொந்த ஊரில் ஒரு வீடு கட்டுவார்கள். பாலும் காய்ச்சுவார்கள். பிறகு பூட்டிவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகும்போதும், கல்யாணம், காதுகுத்து என்றாலும் அந்தப் பூட்டு திறக்கும். “ரிட்டயர்டு ஆனதும் வந்துருவோம்ல” என்பது எல்லா வீட்டுக்காரர்களும் சொல்லும் வாசகம்.

அவர்களில் பாதிப் பேராவது வருகிறார்களா? வருபவர் ஏன் வருகிறார், வராதவர் ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரியை வைத்தே பதில் சொல்வார்கள். அங்கே மத்திய அரசுக்கு ஒரு வருமான வரி, பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மேல் இன்னொன்று. ஃப்ளோரிடாவிலும் டெக்ஸாஸிலும் மாநில வருமான வரி கிடையாது. பென்சில்வேனியாவில் சம்பளத்துக்கு வரி உண்டு, ஓய்வூதியத்துக்கு இல்லை. நியூ ஜெர்சியில் வீட்டு வரியைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால் வேலை முடிந்த கையோடு நியூ ஜெர்சி வீட்டை விற்றுவிட்டு, குளிரும் இல்லை வரியும் இல்லை என்று ஃப்ளோரிடாவுக்கு மூட்டை கட்டுகிறவர்கள் ஏராளம். நம்மூர்ப் பிள்ளைகளும் இப்போது இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். (டெக்ஸாஸில் வருமான வரிக்குப் பதில் வீட்டு வரியில் தீட்டிவிடுவார்கள் என்பது அங்கே போனபிறகுதான் பலருக்குத் தெரிகிறது!)

இந்தியாவில் வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது. அண்ணா நகரில் வாங்கினாலும் எம். புதுப்பட்டியில் வாங்கினாலும் பென்ஷனுக்கு வரி ஒன்றுதான். புதிய முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரி இல்லை. பென்ஷனுக்கான நிலையான கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால், பென்ஷனை மட்டும் நம்பியிருப்பவருக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. பெரும்பாலான பென்ஷன்காரர்கள் இந்தக் கோட்டைத் தாண்டவே மாட்டார்கள். ஆக, வரிக்குப் பயந்து ஊர் மாறுகிறவர் என்று இங்கே அநேகமாக யாரும் இல்லை.

அரசுப் பணம் வேறு வழியில் ஆளை நகர்த்துகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம் வீட்டு வாடகைப்படி. ஓய்வுபெறும் மாதத்தோடு அது நின்றுவிடும். பென்ஷனில் சென்னைக்கு ஒரு கணக்கு, சிவகாசிக்கு ஒரு கணக்கு என்றெல்லாம் இல்லை. வாடகை மட்டும் சென்னை வாடகையாகவே இருக்கும். சொந்த ஃபிளாட் இருந்தாலும் வரி ஏறுகிறது. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவிகிதம் ஏறியது. கிராம ஊராட்சியில் வீட்டு வரி பெரும்பாலும் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

பத்திரச் செலவும் ஊரைப் பார்த்துத்தான் தள்ளுகிறது. தமிழ்நாட்டில் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். கேரளாவில் இரண்டும் சேர்ந்து 10 சதவிகிதம் என்பதால், செங்கோட்டையைத் தாண்டிப் போனாலும் லாபம் இல்லை. ஆனால் அப்பா மகனுக்கு எழுதிவைக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆக, புது ஊரில் வீடு வாங்குவதைவிட அப்பா வீட்டுக்குத் திரும்புவது லட்சக்கணக்கில் மலிவு.

இதெல்லாம் ரசீது தரும் வரி. விருதுநகர் மாவட்டத்தில் யார் எங்கே குடியிருப்பது என்பதை முடிவு செய்வதில் இன்னொரு வரிக்குப் பங்கு அதிகம். அதுதான் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வாங்கும் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒரு ஆண் ஒரு தலைக்கட்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிப்பார்கள். நோட்டில் பெயர் ஏறும். வெளியூரில் இருப்பவரும் கட்டுவார். முப்பது வருஷம் மும்பையில் இருந்தாலும் தம்பி மூலமோ, இப்போதெல்லாம் செல்போன் மூலமோ வரிப்பணம் வந்து சேர்ந்துவிடும். இவ்வளவு அக்கறையாக மாநகராட்சிக்குக் கூட யாரும் கட்டுவதில்லை. ஏனென்றால், அந்த நோட்டில் பெயர் இருப்பவர்தான் ஊர்க்காரர். திரும்பி வந்து உட்காரும் நாளில் “இவர் யார்?” என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

தனக்குத் தானே வரி போட்டுக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் பழகிய விஷயம். இங்குள்ள நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தில் ‘மகமை’ என்று ஒரு பங்கை ஒதுக்கிப் பேட்டை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் நடத்தின. காமராஜர் படித்த, 1889-ல் தொடங்கிய விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். இன்றைக்கும் படிக்க, பிழைக்கப் போனவரின் மனசு ஊர்ப் பக்கம் சாய்ந்திருப்பதில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு.

இந்த நோட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில ஊர்களில் சில பேரிடம் வரியே வாங்கமாட்டார்கள். தலித் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்த ஒருவர், தன் பணத்தைக்கூடத் தொடாத கோயில் இருக்கும் தெருவுக்கு எதற்காகத் திரும்ப வேண்டும்? “ஊர்ப்பாசம் இல்லாதவர்” என்று அவரைச் சொல்வது அபாண்டம். அவருக்கு நகரத்து வாடகை எவ்வளவு ஏறினாலும் அது மலிவுதான்.

பெண்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். “ரிட்டயர்டு ஆனதும் ஊருக்குப் போயிரலாம்” என்று கணவர் சொல்லும்போது, அது அவருடைய ஊர். மனைவி கல்யாணமான புதிதில் நாலு வருஷம் இருந்துவிட்டு, மீதி வாழ்க்கையை அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ கழித்தவர். அவருடைய சிநேகிதிகள், கோயில், தெரிந்த டாக்டர், சாயங்கால நடை எல்லாம் அங்கேதான். பிறந்த ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. கணவர் இறந்துவிட்டால் பல ஊர்களில் ‘அரை வரி’ என்று எழுதுவார்கள். சலுகைதான் அது. ஆனாலும் அந்த வார்த்தை உறுத்தாமல் இருக்குமா? பெரிய வீட்டில் தனியாக, ஒரு லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர். வீடு கட்டும்போது மாடிக்கு எத்தனை படி என்று அவர்களை யாராவது கேட்டார்களா, தெரியாது.

ஊர் திரும்புகிறவர்கள் மறக்கிற ஒரு செலவு மொய். சென்னையில் இருக்கும்வரை வருஷத்துக்கு நாலு கல்யாணம். ஊருக்கு வந்துவிட்டால் ஒரே முகூர்த்த நாளில் நாலு! பென்ஷன்காரர் என்றால் கைமாற்றுக் கேட்டும் வருவார்கள். மறுக்கவும் முடியாது, திரும்பக் கேட்கவும் முடியாது.

அடுத்தது உடம்பு. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபிறகு நிலைமை முன்பைவிடத் தேவலை. இருந்தாலும் நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் இன்றைக்கும் பலர் மதுரைக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். சிவகாசியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு அது நீளமான தூரம். கோயம்புத்தூரில் சமையல், நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் முதியோர் குடியிருப்புகள் பெருகியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பட்டாசு வட்டாரத்துக்கே உரிய பயம் வேறு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2023 அக்டோபரில் எம். புதுப்பட்டி பக்கத்து ரெங்கபாளையம் என்று விபத்துகள் நடந்திருக்கின்றன. வீட்டுமனை பார்க்கிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதுபோல, சுற்றி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் பட்டாசு ஆலை இருக்கிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த ஆலைகளிலேயே முதுமை அடைகிறவர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வியே வராது. பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். அதுவும் இல்லாதவருக்கு, கிடைத்தால், அரசின் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். சென்னை பென்ஷன்காரர் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது, எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும் அவருடைய வயதுக்காரர் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வாழ்கிறவர். அவர் வந்து கைமாற்றுக் கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊருக்கு வரும் திட்டம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்ற லாபத்துக்கு 12.5 சதவிகிதம் வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவிகிதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த லாபத்தை இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கவோ, மூன்று வருஷத்துக்குள் வீடு கட்டவோ போட்டால் விலக்கு கிடைக்கும். தோட்டம், வயல் வாங்கினால் இந்த விலக்கு கிடையாது. ஊர் ஆசையில் முதலில் தோட்டத்தை வாங்கிவிட்டு, பிறகு ஆடிட்டரிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மனையை வாங்கும்போது மனைவி பெயரில் வாங்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைகிறது. அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் மிச்சம். ஆனால் ஊர் நோட்டில் இல்லாத பெயர் பத்திரத்திலாவது இருக்கும். மாடிப்படி வேண்டுமா, வேண்டாமா என்றும் அப்போதே அவரிடம் கேட்டுவிடலாம்.