பூண்டு வயலில் டிராகன் பழமா?

பூம்பாறைக்குப் போய்க் குழந்தை வேலப்பரைத் தரிசித்துத் திரும்புகிறவர்கள் மலைப்பூண்டு வாங்காமல் வருவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. அந்த அடுக்கு வயல்களில் நல்ல விலைக்குப் போகும் டிராகன் பழத்தைப் போட்டால் என்ன என்று யாராவது ஆசை காட்டினால், வேண்டாம் என்பதே தக்க பதில்.

மத்திய அமெரிக்காப் பக்கத்து வெப்பப் பிரதேசக் கள்ளி அது. உறைபனி பட்டால் தண்டு அழுகிவிடும். சுமார் 1,900 மீட்டர் உயரத்துக் குளிர் அதற்கு ஆகாது. கீழே சமவெளிக்காரர் தூண் நட்டுக் கொடியேற்றட்டும். தண்ணீர் அதிகம் கேட்காத பயிர். பூ ஒரே இரவுதான் மலரும். ஒரு மாதம் போனால் பழம். குஜராத் அரசு 2021-ல் அதற்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டியது. பெயரில் உள்ள இனிப்பு பழத்தில் இல்லை! வெள்ளைச் சதைப் பழம் சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். குளிரவைத்து, எலுமிச்சை பிழிந்து, சிட்டிகை உப்புத் தூவினால் ருசி எடுபடும்.

இதற்கு உறவான சப்பாத்திக்கள்ளி நம் கரட்டு நிலங்களிலேயே கிடக்கிறது, சீந்துவாரில்லை. அதன் கதை வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1795-ல் சாயப்பூச்சி என்று நம்பி ஒரு பூச்சியைப் பிரேசிலிலிருந்து தருவித்தார்கள். வந்தது வேறு இனம். சாயம் தேறவில்லை; ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். இன்னொரு வகை தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டபோது, 1926-ல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியைக் கொண்டுவந்து அடக்கினார்கள். அதற்கும் தப்பியதன் பழத்தைத்தான் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் வாய் சிவக்கத் தின்கிறார்கள்.

மெக்ஸிகோவில் கள்ளிக்கு உள்ள மரியாதையே வேறு. பழத்தைத் தின்பதோடு, இளந்தண்டையும் முள் சீவிக் கறி சமைக்கிறார்கள். தேசியக் கொடியிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நாமும் செய்யலாம். பழத்தைக் கிடுக்கியால் பறித்து, அனலில் வாட்டிச் சுணையைப் போக்கி, தலைப்பக்கக் குழியை அறுத்தெறிந்து தோலுரிக்க வேண்டும். விதை கல் போன்றது. அதோடு வயிறு முட்டத் தின்றால் மலச்சிக்கல்தான். ஆகவே மசித்துத் துணியில் வடிகட்டி, சர்க்கரைப் பாகில் காய்ச்சினால் அருமையான சிவப்புச் சர்பத் கிடைக்கும். மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். பீட்ரூட் தின்றவருக்கு நேர்வதுதான்.

மலையடிவாரக் கிராமத்து மகளிர் குழுக்கள் இதைப் பாட்டிலில் அடைத்துக் கொடைக்கானல் சாலையில் விற்கலாம். மேலே பூம்பாறையில் ஒரு பூண்டுப் பாத்தியையும் தொட வேண்டியதில்லை.