பூசணத்தின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்

சென்னையின் மேற்குப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் மழை ஓய்ந்த பிறகும் சுவர்கள் காய்வதில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி நிற்கிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளிகள். அதே அறையில்தான் பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள், இரவெல்லாம் இருமுகிறார்கள். இதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

பூசணம் குடியிருப்பவரின் சோம்பலால் வருவதில்லை. ஈரத்தால் வருகிறது. அந்த ஈரத்தைக் கொண்டுவந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டார்கள். சாலை உயர்ந்தது; வீடுகள் பள்ளமாயின; மழைநீர் உள்ளே புகுந்தது. சுரண்டிய பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தமிழகத் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதை மீறிய ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்தது யார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொரட்டூரையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் மூழ்கடித்தது. 6000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஊறிப்போன சுவர்கள் எவர் கணக்கிலும் வரவில்லை.

பூசணம் வெறும் கறை அல்ல. கிளாடோஸ்போரியம், ஆல்டர்நேரியா என்ற பூசண வகைகள் ஒவ்வாமையைக் கிளறும். ஆஸ்துமாவை முற்றச் செய்யும். பெனிசிலியம் ஊறிய துணியிலும் மெத்தையிலும் பரவும். ஸ்டாக்கிபாட்ரிஸ், நனைந்தே கிடக்கும் ஃபால்ஸ் சீலிங் பலகையில் கருப்பாகப் படரும். அஸ்பெர்ஜில்லஸ், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உண்டாக்கும் ஒவ்வாமை நோய் எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியலாம். அதனால் தேவையின்றிக் காசநோய் மாத்திரை விழுங்கியவர்கள் நம் நாட்டில் உண்டு.

இவ்வளவு பூசணம் இருந்தால் பாதகமில்லை என்று எல்லை வகுக்க முடியாது; ஈரத்தைத் தடுப்பதே வழி. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இதைச் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தின் ராச்டேலில், பூசணம் பிடித்த வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். அந்தப் பூசணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். புகார் செய்த தந்தைக்குக் கிடைத்த பதில், மேலே பெயிண்ட் அடியுங்கள் என்பது. அந்நாடு விழித்துக்கொண்டது. சமூகக் குடியிருப்புகளில் பூசணத்தைக் கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அவன் பெயரில் சட்டம் செய்தது. இங்கே பில்டரும் வீட்டு உரிமையாளரும் இன்றும் பெயிண்ட் டப்பாவைத்தான் நீட்டுகிறார்கள்.

இங்கும் சட்டம் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை 30 நாளில், காசு வாங்காமல் பில்டர் சரிசெய்ய வேண்டும். கழிவறைத் தளம் கசிவதும் மாடித் தளம் ஒழுகுவதும் அவர் குறையே. ரெரா ஆணையம் இதைக் கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டும்.

மாநகராட்சிகள் சாலையைச் சுரண்டிப் போட வேண்டும். மீறிய பொறியாளர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். வெள்ளம் புகுந்த தெருக்களில் சுகாதாரத் துறை வீடு வீடாகச் சுவர்களை ஆய்வு செய்ய வேண்டும். வீட்டுவசதி வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் தம் குடியிருப்புகளின் கசிவை அடைக்க நாள் குறிக்க வேண்டும்; அந்த நாளை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவை முடிந்தாக வேண்டும்.