கைப்பக்குவமும் கைமாற வேண்டும்

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் தலைவி, தயிர் பிசைந்த விரலோடு புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சுவைத்து மகிழ்ந்ததை அறிவோம், செய்முறையை அறியோம்.

உறவினர்கள் ஓயாமல் கேட்ட குறிப்புகளைத் திரட்டி, எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். 'கண்ணளவு' என்று சொல்லி விலகாமல், அளவோடு எழுதினார். தாய்வீட்டை விட்டுத் தொலைவு சென்ற புதுப்பெண்களுக்கு அந்நூலே துணையாயிற்று.

ஆயினும் அது ஒரு பிராமண வீட்டின் சைவச் சமையல். மதுரையின் அயிரைமீன் குழம்புக்கும் சௌராஷ்டிர வீட்டுப் பக்குவங்களுக்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கம்பங்கூழுக்கும் அதில் இடமில்லை. அவற்றை வீட்டுக்கு வீடு நாம்தான் எழுத வேண்டும். கேட்கும் தோழிக்கு ஒரு சாமானை மறைத்துச் சொல்வது பெருமையன்று என்றே கருதுகிறோம். மறைத்த பக்குவம் சமைத்தவரோடு போய்விடும். பகிர்ந்தது நாலு அடுப்பில் கொதிக்கும்.