உடன் உழைக்கும் பருவம்



“உம்மா வீட்டில்தானே இருக்கிறார்கள்!” நம் இல்லங்களில் இன்று அடிக்கடி ஒலிக்கும் சொல் இது. இருபது வயதைக் கடந்த மகனும், கல்லூரிப் படிப்பை முடித்த மகளும் இதனைத் தயக்கமின்றிச் சொல்கின்றனர். இஸ்திரி போட வேண்டிய சட்டை, நேரந்தவறிய காலையுணவு, பிற்பகல் தேநீர், வாசலில் வந்து நிற்கும் எரிவாயு உருளை என அனைத்திற்கும் ஒருவரே அழைக்கப்படுகிறார். அந்த உம்மா அவ்வேளையில் மடிக்கணினியின் முன்னமர்ந்து ஒரு நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். வளைகுடாவில் வாழும் ஒரு குழந்தைக்கு இணையவழியில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் வீட்டில் இருப்பது உண்மை. ஓய்வாக இருக்கிறார் என்பதுதான் உண்மையன்று.

2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கு பல அலுவலகங்களை வீட்டிற்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதன்பின் அலுவலகங்கள் திறந்தன. ஆயினும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை நம் பெண்கள் பலருக்கு நிலைத்துவிட்டது. ஹிஜாபுடனும் கண்ணியத்துடனும், பயண அலைச்சலின்றிப் பொருளீட்ட இது ஒரு நல்வாய்ப்பு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அலுவலகம் செல்லும் தாய்க்குக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரையிலாவது வீட்டு வேலையிலிருந்து விடுப்பு உண்டு. வீட்டிலிருந்து பணிபுரியும் தாய்க்கு அதுவும் இல்லை. இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில், ஒரே கூரையின்கீழ் அவர்மீது விழுகின்றன.

வீட்டிலிருந்தபடி உழைப்பது நம் சமுதாயப் பெண்களுக்குப் புதிதன்று. நெல்லை மேலப்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியிருக்கின்றனர். பத்தமடையில் கோரைப் பாய் நெய்து ஊருக்கே பெயர் தேடித் தந்திருக்கின்றனர். அவ்வேலைகளின் கடுமையையும் குறைந்த கூலியையும் நாம் போற்ற வரவில்லை. எனினும் அவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சுளகில் இலை மீதமிருந்தால் உம்மாவின் வேலை முடியவில்லை என்பதை வீட்டிலுள்ள சிறு பிள்ளையும் அறிந்திருந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணினி வேலையிலோ கைகள் ஓடுவது தெரிவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பவரைக் கண்டால், எழுந்து ஒரு தோசை வார்த்துத் தர என்ன தடை என்றே பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது.

இது சில வீடுகளின் குறை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர்; அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகவும், ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாகவும் குறைந்தன. ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் இறங்கியது. ஆணின் பங்கும் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிட்டது. இடைவெளி அப்படியே நிற்கிறது. இது நாட்டு மக்கள் அனைவரையும் பற்றிய கணக்கு. நம் வீடுகள் இதற்கு விலக்கு என்று சொல்ல நமக்குத் துணிவிருக்கிறதா?

பிள்ளை எப்போது வளர்ந்தவராகிறார்? இப்ராஹீம் நபி (அலை) அவர்களுடைய மகனின் வளர்ச்சியைத் திருமறை குறிப்பிடும் விதம் நம் சிந்தனைக்குரியது. இத்தனை வயது என்று அது கூறவில்லை. தந்தையுடன் சேர்ந்து பாடுபடும் பருவத்தை அவர் எட்டியதையே கூறுகிறது (37:102). பின்னர் கஅபாவின் அடித்தளத்தைத் தந்தையும் மகன் இஸ்மாயீல் (அலை) அவர்களும் இணைந்தே உயர்த்தினர் (2:127). பெற்றோருடன் தோள் சேர்ந்து உழைக்க முடிவதே வளர்ச்சியின் அடையாளமாக அங்கே நிற்கிறது. தொழுகையும் நோன்பும் கடமையாகிவிட்ட ஒருவருக்கு, தாம் உண்ட தட்டைக் கழுவி வைப்பது மட்டும் எவ்வாறு பிறர் கடமையாக முடியும்?

கதவைத் தட்டும் ஒழுக்கத்தையும் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் பெற்றோரின் அறைக்குள் நுழையச் சிறு பிள்ளைகளும் அனுமதி பெற வேண்டும். பருவமடைந்த பிள்ளைகள் எப்போதுமே அனுமதி பெற வேண்டும் என்று சூரா அந்நூர் வகுக்கிறது (24:58, 59). இவ்வசனங்கள் அந்தரங்கத்தைக் காப்பவை. ஆயினும் தாய்க்கும் தந்தைக்கும் தமக்கென ஒரு நேரமும் ஒரு கதவும் உண்டு என்ற பாடத்தை அவற்றிலிருந்து பெறுவதில் தவறில்லை. உம்மா கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து, சார்ஜர் எங்கே என்று கேட்கும் மகன் இவ்வொழுக்கத்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

வருமானத்தைப் பற்றியும் தெளிவாகப் பேச வேண்டும். குடும்பத்தின் செலவு கணவன்மீது கடமை. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடலாமா என்று வினவியபோது, அதற்கு இரட்டைக் கூலி உண்டு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். அதாவது, அது அவர் மனமுவந்து அளித்த ஈகை. சமைப்பதையும் துவைப்பதையும் மனைவியின் சட்டக் கடமைகளுள் ஷாஃபிஈ மத்ஹப் சேர்க்கவில்லை. உழைக்கும் வலிமையுள்ள, வயதுவந்த மகனுக்குச் செலவு செய்வது தந்தைக்கே கட்டாயமன்று என்பது சட்ட அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அவ்வாறிருக்க, மகனின் கல்லூரிக் கட்டணத்தைத் தம் ஊதியத்திலிருந்து கட்டும் உம்மா, அவனுடைய துணியையும் துவைத்து மடித்துவைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது ஈகைக்குச் செய்யும் மரியாதையாகுமா?

“பிள்ளைகளுக்குச் செய்வதே எங்கள் மகிழ்ச்சி” என்று தாய்மார் சொல்வார்கள். மெய்தான். விரும்பிச் சமைத்துப் பரிமாறும் அந்த மகிழ்ச்சியை யாரும் பறிக்க வேண்டியதில்லை. தேர்வுக் காலத்திலும், வேலை தேடி அலைந்து சோர்ந்த நாளிலும் பிள்ளையைத் தாங்குவது பெற்றோரின் அன்பு. ஆனால் ஆண்டு முழுவதும் பிள்ளைக்குத் தேர்வு நடப்பதில்லை. உம்மாவின் முதுகுவலியும், கடைசி நேரத்தில் அவசரமாக நிறைவேற்றப்படும் அஸர் தொழுகையும் ஆண்டு முழுவதும் தொடர்கின்றன. ரமளானில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஸஹருக்கு முதலில் எழுபவர் அவர். பகலெல்லாம் கணினியில் பணி. மாலையில் வடையும் கஞ்சியும். இஃப்தாருக்குப் பின் பாத்திரங்கள். மற்றவர்கள் தராவீஹுக்குப் புறப்படும்போது அவர் அடுக்களையில் நிற்கிறார். அவருடைய இபாதத்துக்கான நேரத்தை எடுத்துக்கொண்டுதான் நாம் நன்மை தேடுகிறோமா என்று ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கேள்வியும் உண்டு. உதவிக்கு ஆள் தேவைப்படும்போது பல வீடுகளில் மகள் மட்டுமே அழைக்கப்படுகிறாள். ஆண்பிள்ளை அடுக்களைக்குள் வரலாமா என்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற பொருளில் அவர்கள் விடையளித்தார்கள். இந்த ஸுன்னத்தை வாப்பா நடைமுறையில் காட்டினால் மகனுக்குத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை. இவ்வாறு பழகாத மகன் நாளை மணமுடிக்கும்போது, அதே எதிர்பார்ப்பை வேறொரு வீட்டின் மகள்மீது சுமத்துவான். அவளும் வேலைக்குச் செல்பவளாக இருந்தால் அந்தக் குடும்பம் எத்தனை நாள் அமைதியாக இருக்கும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒருநாள் இஷாவுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பேசட்டும். உம்மாவின் பணி நேரத்தை எழுதி, எல்லோர் கண்ணிலும் படுமாறு ஒட்டிவைக்கலாம். அந்நேரத்தில் வரும் விருந்தினரையும், எரிவாயு உருளையையும், தண்ணீர்க் கேனையும் கவனிப்பது வீட்டிலிருக்கும் மற்றவர் பொறுப்பாகட்டும். வளர்ந்த பிள்ளைகள் தத்தம் துணியைத் தாமே துவைக்கட்டும். வாரத்தில் சில நாள்களேனும் ஒருவேளைச் சமையலை மகனும் மகளும் முறைவைத்து ஏற்கட்டும். முதல் மாதம் சோறு குழையும், குழம்பில் உப்பு கூடும். அப்போது உம்மா எழுந்து சென்று கரண்டியைப் பிடுங்காதிருப்பதும் தர்பியாவின் ஒரு பகுதியே.

பெற்றோருக்குச் செய்யும் கித்மத் என்றதும் அவர்களுடைய முதுமையையே பலரும் நினைக்கின்றனர். மாத்திரை எடுத்துக்கொடுப்பதும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அப்போது செய்ய வேண்டியவை. ஐம்பது வயதில் உழைத்துக்கொண்டிருக்கும் தாயின் மேசைக்கு, அவர் கேளாமலேயே ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுபோய் வைப்பதும் கித்மத்தான். அதனை இன்றே தொடங்கலாம். அதற்கு அவர் முதுமையடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், பெற்றோரின் தோளோடு தோள் நின்று பாடுபடுபவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.