கிட்னி ஸ்பேர் பார்ட் இல்லை

திருவொற்றியூர் பக்கம் கிட்னி மாற்றி வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “பார்ட்டை மாத்தியாச்சுல்ல, இனிமே வண்டி ஓடும்.” புல்லட்டும் லேலண்டு லாரியும் பூட்டிய ஊர்க்காரர்கள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கை ஆளைக் கொல்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் இருப்பதால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், எதையும் கழற்றி மாட்டுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பழுதான இரண்டும் முதுகுப்பக்கம் அப்படியே இருக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். உடம்பு அதை அந்நியனாகவே பார்க்கும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும்வரைதான் அதற்கு உயிர். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று வேளை தவறாமல் விழுங்க வேண்டும். அடக்கியதற்கு விலையும் உண்டு: காசநோய் எளிதில் ஒட்டும், சர்க்கரை ஏறும், கை நடுங்கும், முகம் உப்பும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல கிட்னிகள் ஓய்ந்துவிடுகின்றன. அதன்பின் மறுபடியும் டயாலிசிஸ் நாற்காலிதான்.

கிட்னிக்கு மட்டுமில்லை, கைக்கும் இதே கதைதான். ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில், மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இறந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் அதுவே முதல்முறை. செய்தி படித்தவர்கள் மறுநாளே அவர் டம்ளரைப் பிடித்திருப்பார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வெட்டித் தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கை தைப்பது ஒருநாள் வேலை. அது கையாவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி.

‘சரியாப் போச்சு’ என்று ஊர் முடிவுகட்டியதும் கிட்னி மாற்றியவருக்கு என்ன நடக்கிறது? துணைக்கு வந்தவர்கள் விலகுகிறார்கள். ஓரிரு வருடம் போனதும் அவருக்கே தோன்றுகிறது, நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதற்கு? முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கிட்னிக்கு ஆகாத டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவது வெளியே தெரியாது. தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் இது நடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். இங்கே பணம் குற்றவாளி இல்லை.

இதே ஸ்பேர் பார்ட் கணக்கு கொடுக்கும் பக்கத்திலும் ஆடியிருக்கிறது. சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்திய எர்ணாவூரில், கடனுக்காகப் பெண்கள் கிட்னி விற்றது 2007 ஜனவரியில் வெளியே வந்தது. “ரெண்டு இருக்கே, ஒண்ணு போதும்” என்பதுதான் தரகரின் வேதம். உறுப்பு வணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. கடன் அடைக்க விற்றவர்கள் 96 விழுக்காடு. விற்றபின் உடல்நிலை கெட்டது என்றவர்கள் 86 விழுக்காடு. சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கழற்றிக் கொடுத்த வண்டியும் ஓடவில்லை.

சரி, மாற்றிய கிட்னியோடு வாழ யார் சொல்லிக்கொடுப்பது? மருத்துவருக்கு ஆளுக்குச் சில நிமிடம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையான பள்ளிக்கூடம் ஓ.பி.க்கு வெளியே இருக்கும் பெஞ்சுதான். “மாத்திரை நேரத்தை ஒன்பதுக்கு வெச்சுக்க தம்பி, எந்த ஷிப்டுல போட்டாலும் ஒன்பதுக்கு முழிச்சிருப்ப” என்று மூத்த நோயாளி சொல்வது, வாரம் ஒரு ஷிப்ட் மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தேவாமிர்தம். மருந்தின் லெவல் பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்து வர வேண்டும்; பம்ளிமாஸ் பக்கம் போகக் கூடாது; பல நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போகிறவர் இரண்டு டப்பாவில் பிரித்து வைக்க வேண்டும், ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும். கிட்னி மாற்றிக்கொண்டு காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவுக்கு முள் குத்தினால் அது வெறும் முள் இல்லை. அவருக்கு ஆறாத புண்ணாகலாம். எண்ணெய் கலந்த வெள்ளம் 2023 டிசம்பரில் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தபோது, அந்தத் தண்ணீரில் கால் வைக்கலாமா என்பது இவர்களுக்கு வேறு கேள்வி.

மாத்திரை மட்டுமா? மனைவி கொடுத்த கிட்னியை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளிடம் எப்படிச் சண்டை போடுவது? யாரோ செத்ததால் நான் பிழைத்தேன் என்ற நினைப்பை எங்கே இறக்கி வைப்பது? கல்யாணம் பேச வருகிறவர்களிடம் எப்போது சொல்வது? இதையெல்லாம் அதே தழும்பு உள்ளவரிடம்தான் கேட்க முடிகிறது.

நோயாளிக்கு நோயாளி யோசனை சொன்னால் குழப்பம்தான் என்று சில மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். பாதி நியாயம். “நான் பாதி மாத்திரைதான் போடுறேன், ஒண்ணும் ஆகல” என்ற ஒரு வார்த்தை ஒரு கிட்னியைக் காவு வாங்கும். ஆனால் பெஞ்சுப் பேச்சை யாராலும் தடுக்க முடியாது. அதைத் தற்செயலுக்கு விட்டிருப்பதுதான் தவறு. அளவை மருத்துவர் சொல்லட்டும். அந்த அளவோடு குடித்தனம் நடத்துவதை அனுபவப்பட்டவர் சொல்லட்டும்.

உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. கொடுத்தவருக்கு மரியாதை செய்துவிட்டு, அவர் கொடுத்ததைக் காப்பாற்றும் வேலையை ஒரு பெஞ்சுக்கு விட்டுவைப்பது என்ன நியாயம்? கைமாற்று சிகிச்சை பெற்ற அந்தத் தொழிலாளிக்கு ஸ்டான்லியிலேயே வேலை கொடுத்தார்கள். அந்த வழியில் இன்னும் நடக்கலாம். ஐந்து ஆண்டு தாண்டிய, ஒழுங்காக மருந்து எடுக்கும் நோயாளிகளுக்குப் பயிற்சி தந்து, மாதச் சம்பளத்துக்கு மாற்றுச் சிகிச்சை வார்டில் அமர்த்துங்கள். மாத்திரை வாங்க வரும் நாளில் நோயாளிகள் உட்கார்ந்து பேச ஒரு அறை கொடுங்கள். வடசென்னைத் தொழிற்சாலைகள் கிட்னி மாற்றிய தொழிலாளர்களுக்கு நிலையான ஷிப்ட் தரட்டும். எர்ணாவூரில் கிட்னி விற்ற பெண்களையும் ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, இலவசமாகக் கிரியாட்டினின் பாருங்கள்.