விபத்து சிகிச்சை மையங்கள்: நிலை உண்டு, சான்று இல்லை

புது தில்லி: சாலை விபத்தில் காயமடைவோருக்குக் கட்டணமில்லா சிகிச்சை அளிக்கும் மத்திய அரசின் திட்டம் 2025-ம் ஆண்டு மே மாதம் அறிவிக்கையாக வெளியானது. விபத்து நிகழ்ந்ததிலிருந்து ஏழு நாள்களுக்கு, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படும். பணத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு இதன்மூலம் ஓரளவு விடை கிடைத்துள்ளது. காயமடைந்தவரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இது சிறிய கேள்வி அல்ல. 2022-ல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 17,884 பேர் தமிழகத்தில் இறந்தவர்கள். தலையில் அடிபட்டவருக்கு, மூளை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் இல்லாத மருத்துவமனையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் சம்பந்தப்பட்டது.

நான்கு நிலைகள்

மருத்துவமனைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. 11-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-2012), தங்க நாற்கரச் சாலையையும் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைகளையும் ஒட்டி 140 விபத்து சிகிச்சை மையங்களை அமைக்க மத்திய சுகாதார அமைச்சகம் திட்டமிட்டது. 100 கி.மீ.க்கு ஒரு மையம், காயமடைந்த எவரையும் 50 கி.மீ.க்கு மேல் கொண்டு செல்லும் தேவை கூடாது என்பதே நோக்கம்.

அந்தத் திட்டம் நான்கு நிலைகளை வகுத்தது. அனைத்து உயர் சிறப்பு மருத்துவப் பிரிவுகளும் 24 மணி நேரமும் இயங்குவது முதல் நிலை. நரம்பியல் அறுவைச் சிகிச்சை உள்பட, படுகாயங்களுக்கு முழுச் சிகிச்சை தரக்கூடியது இரண்டாம் நிலை. பெரும்பாலும் 300 முதல் 500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. நோயாளியின் உயிரைத் தாங்கிப் பிடித்து, தேவையெனில் மேல்நிலை மையத்துக்கு அனுப்புவது 100 முதல் 200 படுக்கைகள் கொண்ட மூன்றாம் நிலை மருத்துவமனையின் வேலை. கருவிகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் கொண்ட ஆம்புலன்ஸ் நான்காம் நிலை.

ஏட்டளவில் இதில் குறை காண்பது கடினம். முதல் நிலைக்கு ரூ.16 கோடி, இரண்டாம் நிலைக்கு ரூ.9.65 கோடி, மூன்றாம் நிலைக்கு ரூ.4.80 கோடி என நிதியும் வரையறுக்கப்பட்டது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நிதி பெறும்போது மருத்துவமனைக்கு அளிக்கப்பட்ட 'நிலை', அது இன்றும் அந்தத் தகுதியுடன் இருக்கிறதா என்பதைக் காட்டும் சான்று அல்ல. கட்டடம் நிற்கும், சி.டி. ஸ்கேன் கருவியும் வந்து சேரும். ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு மயக்க மருந்து நிபுணர் பணியில் இருக்கிறாரா, ரத்த வங்கி திறந்திருக்கிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் நேரில் ஆய்ந்து, இல்லையெனில் அந்த நிலையைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட தனி அமைப்பு தேசிய அளவில் உருவாகவில்லை. மருத்துவமனைகளுக்கான தேசிய தரச்சான்று வாரியம் 2005 முதல் இயங்குகிறது என்றாலும், அதன் சான்றை மருத்துவமனைகள் விரும்பினால் பெறலாம் என்பதே நடைமுறை.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் இந்த இரண்டு பணிகளும் பிரிக்கப்பட்டுள்ளன. எது விபத்து சிகிச்சை மையம் என்று அறிவிப்பது மாநில அல்லது உள்ளூர் அரசு. அதற்கான வசதிகள் உண்மையில் உள்ளனவா என்று சரிபார்ப்பது அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி. 1976-ல் அது முதன்முதலாக அளவுகோல்களை வெளியிட்டது. சரிபார்ப்புச் சான்று மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். படுகாயமுற்றவர் வந்த 15 நிமிடங்களுக்குள் அறுவைச் சிகிச்சை நிபுணர் அருகில் இருந்தாரா என்பது முதல் இரு நிலைகளிலும் பதிவேட்டைக் கொண்டு பார்க்கப்படுகிறது. மரணங்களையும் ஆராய்ந்து, தவிர்த்திருக்க முடியுமா என்று மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும். அங்கு கட்டடமும் கருவியும் மட்டுமல்ல, சிகிச்சையும் அளக்கப்படுகிறது.

அந்த அளவுகோலை அப்படியே இங்கு பொருத்தினால் பல மாநிலங்களில் ஒரு மையம்கூடத் தேறாது என்ற வாதம் உண்டு. நிபுணர் பற்றாக்குறையை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலைகளை வகுப்பதன் பயனே அதுதான். மூன்றாம் நிலை என்று நேர்மையாகச் சான்று பெற்ற மாவட்ட மருத்துவமனையால் எவருக்கும் இழப்பில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தாமல் செல்ல வேண்டும் என்பது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். தகுதியில்லாத பெயர்ப்பலகைதான் ஆபத்து.

நீதிமன்றம் காட்டிய வழி

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், மாவட்டத்துக்கு ஒரு விபத்து சிகிச்சை மையமாவது வேண்டும் என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை வகுக்க மத்திய அரசுக்குக் காலக்கெடு விதித்த 2025 ஜனவரி உத்தரவும் அதே வழக்கில் பிறந்ததே.

புதிய திட்டத்தின்படி, நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில்தான் முழுச் சிகிச்சை. மற்றவற்றில் உயிரைத் தாங்கிப் பிடிக்கும் முதற்கட்ட சிகிச்சை மட்டுமே. எனவே நியமனம் என்பது இப்போது அரசுப் பணம் செல்லும் வழியாகிவிட்டது. ஒரு மருத்துவமனை எந்த நிலைக்குரியது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்பதை வெளியிடச் செய்து, பணம் வழங்குவதை அதனுடன் இணைக்க அரசுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை என்பதால் ஆய்வை மாநிலங்கள் நடத்தலாம். ஆனால் அளவுகோல் நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலை மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. அதில் அடிபடுபவரும் தன் மாநிலத்துக்குள்தான் அடிபடுவார் என்பதில்லை.